பஸ் வரும்வரை ஒரு டீ

விடியற்காலையில் குன்றத்தூர் மெயின் ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கண்ணில் பாதித் தூக்கம். ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போகிறவர்கள். தினமும் அதே முகங்கள்தான், பெயர்தான் தெரியாது. ரயில் நிலையங்களில் இப்படி நிற்பவர்களை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம், 1972இல் இவர்களுக்குப் 'பழகிய அந்நியர்' என்று பெயர் வைத்தார்.

இந்த மௌனத்தை உடைப்பது பக்கத்து டீக்கடை பெஞ்சு. "நம்ம பஸ் போயிடுச்சாண்ணே?" அவ்வளவுதான் பேச்சு. ஆனால் இந்த அரைகுறைப் பழக்கம்தான் வேலை வாங்கித் தருகிறது. பாஸ்டன் அருகே நியூட்டன் நகரில் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் விசாரித்தார்: தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் 17 சதவீதம்கூட இல்லை. காரணம் எளிது. ரூம்மேட்டுக்குத் தெரிந்த காலியிடம் உங்களுக்கும் தெரிந்ததுதான். வேறு கம்பெனிச் செய்தி வேறு கம்பெனிக்காரரிடம்தான் இருக்கும்.

நட்பில் மனப்பொருத்தத்துக்கு நாம் கொஞ்சம் அதிகமாகவே மதிப்பெண் போடுகிறோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. குடியிருப்பில் நடந்த ஆய்வொன்று 1950இல் வெளியானது. ஒரே மாடியில் அடுத்த வீட்டாரை நெருங்கிய நண்பராகச் சொன்னவர்கள் 41 சதவீதம். நான்கு வீடு தள்ளியிருந்தவரைச் சொன்னவர்கள் வெறும் 10. மாடிப்படி அருகே இருந்த கீழ்வீட்டாருக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் கிடைத்தார்கள். படி ஏறி இறங்குவதே போதுமானதாக இருந்திருக்கிறது.

ஆனால் இங்கே ஷிப்ட் மாறுகிறது. ஃபர்ஸ்ட் ஷிப்ட்டில் பழகியவர் அடுத்த வாரம் நைட் ஷிப்ட்டுக்குப் போய்விடுவார். எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சுபவர் டீ மாஸ்டர் ஒருவரே. எங்கே ரூம் காலி, எவ்வளவு அட்வான்ஸ், எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எல்லாம் அவரிடம் தங்கும்.

வெளியூர் வேலை இந்த ஊருக்குப் புதிதல்ல. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சராகப் போன சேக்கிழார் குன்றத்தூர்க்காரர். கும்பகோணம் பக்கத்துத் திருநாகேசுவரம் மனதில் நின்றுவிட, சொந்த ஊரிலும் ஒரு நாகேசுவரர் கோயில் கட்டினார். ஊர் கூட ஓர் இடம்.

வழக்கமான இடத்தைவிட்டு வேறெங்காவது எதிர்ப்பட்டால் பழகிய அந்நியர்கள் எளிதாகப் பேசிக்கொள்வார்கள் என்றார் மில்கிராம். கிருத்திகை அன்று குன்றத்தூர் முருகன் கோயில் மலைப்படியில் இதைப் பார்க்கலாம். ஒருவர் தோளில் குழந்தை, இன்னொருவர் கையில் அர்ச்சனைத் தட்டு. "நீங்க... ஃபர்ஸ்ட் ஷிப்ட்தானே?"