ஐஸ்கிரீம் மெஷினும் அப்பாவின் உப்புக் கணக்கும்

ஊரிலிருந்து வந்த மூன்றாவது வாரம் அப்பா கேட்டார்: "ஏல, எனக்கு இங்க என்ன வேலை?"

வெளிநாட்டில் இருக்கிற நம்மில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்போம். "ஒரு வேலையும் இல்லப்பா, ரெஸ்ட் எடுங்க" என்பதுதான் நம் வழக்கமான பதில். நானும் அதையேதான் சொன்னேன். அப்பா ரிமோட்டை எடுத்தார், வைத்தார். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். மினியாபொலிஸ் புறநகரில் பகல் பதினோரு மணிக்குத் தெருவில் நடமாடுவது அணில் மட்டும்தான். அம்மா போன பிறகு அவர் தனியாக வந்த முதல் பயணம் அது. நான் மாடியில் மீட்டிங்கில் இருப்பேன், மனைவி ஆபீசில். எட்டு வயது மகளுக்குத் தமிழ் புரியும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அந்த வேகம் அப்பாவுக்குப் பிடிபடாது. தாத்தாவும் பேத்தியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, பக்கத்துத் தெரு கராஜ் சேலில் அந்த ஐஸ்கிரீம் மெஷினைப் பார்த்தேன். ஒரு மர வாளி, நடுவில் உலோக டப்பா, அதற்குள் மத்து மாதிரி ஒரு துடுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மின் மோட்டார். விலை 10 டாலர். பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் என்ற பெண்மணி 1843-ல் கையால் சுற்றும் ஐஸ்கிரீம் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றும் அடிப்படை அதேதான். கைப்பிடி இருந்த இடத்தில் மோட்டார் வந்திருக்கிறது.

மகள் வெனிலா கேட்டாள். பால், கிரீம், சர்க்கரை, எசன்ஸ் கலந்து டப்பாவில் ஊற்றினேன். வாளியில் டப்பாவைச் சுற்றி ஐஸ் கொட்டி, இரண்டு கைப்பிடி கல்லுப்பு தூவி, சுவிட்சைப் போட்டேன். நாற்பது நிமிடம் கடகடவென்று ஓடியது. திறந்து பார்த்தால் ஜில்லென்ற பால்!

பின்னாலிருந்து குரல் வந்தது. "உப்பு எவ்வளவுல போட்ட?"

"ரெண்டு கைப்பிடிப்பா."

"பத்தாது."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அப்பா தூத்துக்குடியில் ஒரு ஐஸ் கம்பெனியில் 22 வருஷம் ஆபரேட்டர். மீன்பிடி படகுகளுக்குப் போகிற ஐஸ். ராத்திரி ஷிப்டு முடிந்து காலையில் வீட்டுக்கு வரும்போது சட்டையில் அமோனியா நெடி அடிக்கும். காலேஜ் ஹாஸ்டலில் "அப்பா என்ன பண்றாங்க?" என்று யார் கேட்டாலும், "பிரைவேட் கம்பெனி" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் குளிர்பதனப் பாடம் வந்தபோது, கம்ப்ரசர், கண்டென்சர் எல்லாம் அழகாகப் படம் வரைந்து மார்க் வாங்கினேன். அந்த மெஷின் ஓடுகிற இடத்தில் நின்று அப்பா சம்பாதித்த பணத்தில்தான் பீஸ் கட்டினேன். ஆனால் ஒருநாள்கூட அவரிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

அன்றைக்குக் கேட்டேன். வாளிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னார். கம்பெனியில் பெரிய தொட்டி நிறைய உப்புத்தண்ணி இருக்கும். அமோனியா அதைக் குளிரவைக்கும். அதற்குள் நல்லதண்ணி நிரப்பிய தகர டின்களை இறக்கி வைப்பார்கள். "உப்புத்தண்ணி உறையாது, உள்ள இருக்கிற நல்லதண்ணி உறையும். அதான்ல சூட்சுமம்." ஒரு ஐஸ் பார் உறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகுமாம். அப்புறம் டின்னைத் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு. கட்டி கழன்று வழுக்கி வரும்.

வாளியிலும் நடப்பது அதேதான். வெறும் ஐஸ் உருகுவது 0 டிகிரி செல்சியஸில். சர்க்கரை கலந்த பாலோ அதற்கும் இரண்டு மூன்று டிகிரி கீழே போனால்தான் உறையவே ஆரம்பிக்கும். எனவே வெறும் ஐஸ் எவ்வளவு கொட்டினாலும் ஐஸ்கிரீம் வராது. உப்பு சேர்ந்தால் ஐஸ் 0 டிகிரிக்குக் கீழேயே உருகும், உருகுவதற்கான வெப்பத்தைப் பாலிலிருந்து உறிஞ்சும். ஐஸும் உப்பும் சரியான அளவில் சேர்ந்தால் மைனஸ் 21 வரைகூட இறங்கும். நமக்கு மைனஸ் 10, 12 போதும்.

என் கிச்சன் தெர்மாமீட்டர் வாளியில் மைனஸ் 3 காட்டியது. அப்பா ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை உப்பு என்று மாற்றி மாற்றி அடுக்கினார். ஆறு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்பது அவர் கணக்கு. கால் மணி நேரத்தில் மைனஸ் 11. கொஞ்ச நேரத்தில் மோட்டார் சத்தம் மாறி முனக ஆரம்பித்தது. "இறுகிடுச்சு, நிப்பாட்டு" என்றார். திறந்தால், துடுப்பில் வெண்ணெய் மாதிரி ஐஸ்கிரீம். சுவரில் படிகிற பனித்துகளைத் துடுப்பு சுரண்டிக்கொண்டே இருப்பதால்தான் அந்த மிருது. கூடவே கொஞ்சம் காற்றும் சேரும்.

கடை ஐஸ்கிரீமில் பாதிக்குப் பாதி காற்று இருக்கலாம். ஒரு காலன் ஐஸ்கிரீம் குறைந்தது நாலரை பவுண்டு எடை இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதியே உண்டு. இதைச் சொன்னதும் அப்பா சிரித்தார். "காத்தையும் சேத்தா விக்கான்?"

மறுவாரம் அவரே ஆரம்பித்தார். அத்தை கொடுத்துவிட்ட உடன்குடி கருப்பட்டி பெட்டியில் இருந்தது. கருப்பட்டியைக் கொதிக்கிற பாலில் போட்டால் பால் திரிந்துவிடும். 300 கிராமைத் தட்டிப்போட்டு, அரை டம்ளர் தண்ணீரில் தனியாகக் காய்ச்சி, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறவைத்தோம். தண்ணீர் கூடினால் ஐஸ்கிரீம் நறநறவென்று ஆகிவிடும். ஒரு லிட்டர் பால், அரை லிட்டர் கிரீம், ஒரு சிட்டிகை சுக்குப்பொடி. எல்லாவற்றையும் கலந்து ராத்திரி முழுக்க பிரிட்ஜில் வைத்தோம்.

மறுநாள் சொதப்பியது நான். வாளியின் மேல் பக்கத்தில் உப்புத்தண்ணீர் வழிவதற்கு ஒரு ஓட்டை உண்டு. அதை ஐஸ் துண்டு அடைத்திருந்ததைக் கவனிக்கவில்லை. தண்ணீர் ஏறி, மூடி வழியாக உள்ளே போய்விட்டது. மகள் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். முகம் கோணியது. "தாத்தா, கடல்!" என்று தமிழில் கத்தினாள். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

அடுத்த முறை ஓட்டைக்குக் காவல் அவள்தான். குச்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உப்பு பத்தல தாத்தா", "தண்ணி வழியுது தாத்தா" என்று அவள் சொல்ல, இவர் ஓடி ஓடிக் கொட்ட, பழுப்பு நிறத்தில் வந்து இறங்கியது கருப்பட்டி ஐஸ்கிரீம். நாலு மணி நேரம் ப்ரீசரில் வைத்துச் சாப்பிட்டோம். முதல் வாய் சாப்பிட்டுவிட்டு அப்பா சொன்னார்: "உங்கம்மாவுக்குப் பிடிச்சிருக்கும்."

கணக்குப் பார்த்தால் இது நஷ்டம்தான். ஐஸ் மூட்டை, உப்பு, கிரீம் எல்லாம் சேர்த்தால் கடையில் வாங்குவதைவிட அதிகம். சத்தத்தில் மீட்டிங்கும் பேச முடியாது. ஆனால் செப்டம்பரில் அப்பா கிளம்புகிற வரைக்கும் "எனக்கு இங்க என்ன வேலை?" என்ற கேள்வி திரும்ப வரவில்லை. சனிக்கிழமை ஆனால் காலையிலேயே கராஜில் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்.

வேலை செய்து தேய்ந்தவர்களுக்கு ஓய்வு கொடுப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் ஆயுசு முழுக்கக் கற்றதை எல்லாம் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வரச் சொல்கிறோம் என்பது எனக்கு உறைக்கவில்லை. உங்கள் வீட்டுக்கு இந்தக் கோடையில் அப்பா, அம்மா வந்திருந்தால், ரிமோட்டைக் கொடுப்பதற்கு முன்னால், "அந்தக் காலத்துல உங்க வேலை என்னப்பா, எப்படிச் செய்வீங்க?" என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

மிச்சமிருந்த கல்லுப்பை டிசம்பரில் வாசல் பனியில் தூவிக்கொண்டிருந்தேன். வீடியோ காலில் அப்பா பார்த்துவிட்டார்.

"எவ்வளவுல போட்ட?"

"ரெண்டு கைப்பிடிப்பா."

"நீ திருந்தவே மாட்ட" என்றார். பின்னாலிருந்து மகள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "பத்தல தாத்தா!"