வீட்டில் கறிகாய் பயிரிடச் சிக்கனமான தொட்டிகள்

நிலமில்லாத நகரவாசிகளும் முற்றத்திலோ மாடியிலோ கறிகாய் பயிரிடலாம். இதற்கு விலையுயர்ந்த தொட்டிகள் வேண்டுவதில்லை. விளையும் காய்களின் மதிப்பைத் தொட்டியின் விலையே விழுங்கிவிடுமாயின், சிறு வருவாயுடைய குடும்பத்திற்கு அத்தோட்டத்தால் யாது பயன்?

தொட்டியின் அழகைக் காட்டிலும் ஆழமே முக்கியமானது. முளைக்கீரை, கொத்தமல்லி, வெந்தயம் ஆகியவற்றிற்கு 6 அங்குல ஆழம் போதும். கத்தரி, மிளகாய், தக்காளி முதலியவற்றிற்கு 12 அங்குலம் வேண்டும். நாற்று விடுவதற்குத் தேங்காய்ச் சிரட்டைகளே ஏற்றவை.

விளிம்பு உடைந்த மண்பானை மிக நல்லது. ஆயினும் அதன் பக்கங்களின் வழியே ஈரம் ஆவியாவதால், கோடையில் இருவேளையும் நீர் ஊற்றுதல் அவசியம். தகர டின்கள் நாளடைவில் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் சாக்குகள் மலிவானவை. ஆனால் வெயிலில் நைந்துபோகும். பூச்சிமருந்தோ வேறு இரசாயனப் பொருளோ இருந்த டப்பாக்களை எத்துணை கழுவினும் உபயோகித்தல் கூடாது. உண்ணும் காயில் நஞ்சு சேர இடமுண்டு.

எத்தொட்டியாயினும் அடியில் நான்கைந்து துளைகளிட்டு, ஓட்டுச் சில்லுகளால் மூடி, அதன்பின் மண் நிரப்புக. நீர் தேங்கின் வேர் அழுகும். ஈரமண் நிறைந்த 20 லிட்டர் வாளி ஏறத்தாழ 30 கிலோ எடையிருக்கும். ஆதலின் மாடியில் தொட்டிகளை நடுவில் குவிக்காமல், சுவர்களின் மேலாக, செங்கற்களின்மீது வைத்தல் வேண்டும். மண்ணுடன் மட்கிய தென்னை நார்க்கழிவைக் கலந்தால் பாரம் குறையும். ஈரமும் நெடுநேரம் நிற்கும்.