நிலம் விற்ற வரைபடங்கள்

1871 ஜனவரியில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையை ஒரு வரைபடம் விழுந்து விழுந்து சிரிக்கவைத்தது. ரயில் பாதை ஒன்றுக்கு அரசு நிலம் கேட்டு வந்த மசோதா மீது விவாதம். சுப்பீரியர் ஏரிக்கரையில் டுலூத் என்றொரு சிற்றூர். அதை நட்டநடுவில் வைத்து, நூறு மைலுக்கு ஒன்றாக வட்டம் வட்டமாகப் போட்டிருந்த படம் அது. கண்ணுக்குத் தெரியும் பிரபஞ்சத்துக்கே இந்த ஊர்தான் மையம் போலிருக்கிறது என்று கென்டக்கி உறுப்பினர் பிராக்டர் நாட் கிண்டலடித்தார். மசோதா தேறவில்லை. டுலூத்தை ஒட்டிய ஓர் ஊர் பின்னாளில் அவர் பெயரையே வைத்துக்கொண்டது வேறு கதை.

வட்டம் போட்டவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆளில்லாத வெளியில் ஓடும் ரயிலுக்கு டிக்கெட் விற்றுப் பிழைக்க முடியாது. அதனால்தான் தண்டவாளம் போடும் கம்பெனிகளுக்கு அரசு நிலமாகவே கொடுத்தது. பாதையின் இருபுறமும் 640 ஏக்கர் சதுரங்கள், ஒன்று விட்டு ஒன்று கம்பெனிக்கு. நார்தர்ன் பசிபிக் கம்பெனிக்கு இப்படிக் கிடைத்தது ஏறக்குறைய 4 கோடி ஏக்கர். அதை விற்கவேண்டும், வாங்குகிறவர் அங்கேயே குடியேறவேண்டும், அவர் விளைவித்த கோதுமை அதே ரயிலில் ஏறவேண்டும். வரைபடம் வழிகாட்டும் தாளாக இருந்தது போய் விற்பனை விளம்பரமாக ஆனது இப்படித்தான்.

வித்தை எளிது. தன் பாதையைத் தடித்த கோடாக, கூடியவரை நேராகப் போடு. போட்டிக் கம்பெனியின் பாதையை மயிரிழையாக்கு, முடிந்தால் விட்டுவிடு. தன் தடத்தில் சின்னச் சின்ன நிறுத்தங்களையும் நெருக்கமாக எழுது. ஊர் பெருத்த தேசம் போலத் தெரியும். ‘பேருந்து நிலையம் மிக அருகில்’ என்று அச்சிடும் நம் மனை வியாபாரிகளுக்கு இவர்கள் முப்பாட்டன்கள். 1872இல் சிகாகோவின் ராண்ட் மெக்நாலி அச்சகம் ரயில் வழிகாட்டியில் வரைபடம் சேர்க்கத் தொடங்கியது. மெழுகுத் தகட்டில் அச்செழுத்தையே அழுத்திப் பதிக்கும் முறை. செலவு குறைவு, கேட்டபடி திருத்தவும் முடியும்.

ஜே குக் என்ற வங்கியாளர் நார்தர்ன் பசிபிக்குக்காகத் தட்பவெப்பத்தையே வளைத்தார். அவருடைய பிரசுரங்களின் படங்களில் வெப்பக் கோடுகள் வடக்கே ஏறிப்போயின; உறையும் டகோட்டா இதமான பூமியானது. ‘ஜே குக்கின் வாழை மண்டலம்’ என்று ஊரே சிரித்தது. ஊர்ப்பெயர்களும் இந்தச் சரக்கில் சேர்த்திதான்: ஜெர்மன் முதலீட்டை ஈர்க்க 1873இல் ஓர் ஊருக்கு ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க்கின் பெயரை வைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் குக்கின் வங்கி திவாலாகி, நாட்டையே நெருக்கடியில் தள்ளியது. யெல்லோஸ்டோன் பள்ளத்தாக்கில் பாதைக்கு அளவெடுக்கப் போனவர்களுக்கு அந்த ஆண்டிலும் ராணுவக் காவல் தேவைப்பட்டது. அது லக்கோட்டா பழங்குடி மக்கள் வாழ்ந்த மண். துப்பாக்கிச் சண்டையே நடந்தது.

நூறாவது தீர்க்கரேகைக்கு மேற்கே மழையை நம்பி விவசாயம் செய்ய முடியாது என்று 1878லேயே நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். ஆனால் உழவு போன இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்ற பேச்சுதான் எடுபட்டது. 1880களின் கடைசியில் வறட்சி தொடங்கியதும் மேற்குக் கான்சாஸில் வீடுகள் காலியாயின.

1884 தேர்தலில் ஜனநாயகக் கட்சியினர் ரயில் கம்பெனிகளின் வித்தையை அவர்கள் மீதே திருப்பினார்கள். மக்களின் 13.9 கோடி ஏக்கர் பறிபோனது என்று ஒரு வரைபடச் சுவரொட்டி. அரசிடமே மிஞ்சிய சதுரங்களையும் சேர்த்து முழுப் பட்டையாகத் தீட்டியிருந்ததால், கொடுத்ததைவிட இருமடங்குக்கு மேல் தெரிந்தது. அதே பாணிப் படங்கள் அமெரிக்கப் பாடநூல்களிலும் நெடுநாள் இருந்தன. 1945இல் ராபர்ட் ஹென்றி ஒரு கட்டுரை எழுதித்தான் அதைத் தட்டிக்கேட்டார்.