இசைத்தட்டை ஒளிக்கலாமா?

பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புதுப் பாட்டு அமைப்போர், அத்தட்டு இன்னதென்று பிறருக்குச் சொல்ல வேண்டுமா? இது நெடுநாளைய வழக்கு.

1970-களில் நியூயார்க் நகரத்துப் பிராங்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற இளைஞர், பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளை இரண்டு தட்டுக்களால் மாறி மாறி நீட்டிக் கூட்டத்தை ஆடவைத்தார். போட்டியாளர் அறியாதிருக்கத் தட்டுக்களின் லேபிளை நீரில் ஊறவைத்து உரித்துவிட்டாராம்!

தேடி அலைந்தவருக்கு அவ்வுரிமை இல்லையா என்பீர்கள். நியாயந்தான். ஆனால் லேபிளோடு வாசித்த வித்துவானின் பெயருமல்லவா போயிற்று!

பகிர்ந்தால் மட்டும் போதுமா? 1969-இல் வின்ஸ்டன்ஸ் குழுவினரின் 'ஆமென், பிரதர்' தட்டில் கிரிகரி கோல்மன் ஏறக்குறைய ஆறு விநாடி தனியே டிரம் வாசித்தார். 1986-இல் ஒரு தொகுப்பின் மூலம் அது பலர் கைக்கு எட்டியது. ஆயிரக்கணக்கான பாட்டுக்களில் புகுந்தது. கோல்மனோ 2006-இல் வறுமையில் மாண்டார். 2015-இல் ரஸிகர்கள் நிதி திரட்டிக் குழுத் தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சருக்கு அளித்தனர். கோல்மனுக்கு அதுவும் கிட்டவில்லை.

ஆகவே நாம் சொல்வது இதுதான்: அரிய தட்டைத் தாராளமாகப் பகிருங்கள், பெட்டியில் பூட்டிய சங்கீதம் யாருக்கும் பயன்படாது. ஆனால் வாசித்தவரின் பெயரையும், வரும்படியில் அவருக்குரிய பங்கையும் சேர்த்தே பகிருங்கள்.