சேமநிதிப் பணத்துக்கு வரி நோட்டீஸா? பதில் எழுதுங்கள்!

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, ஒரு கம்பெனியில் மூன்று வருஷம், இன்னொன்றில் நான்கு வருஷம் என்று உழைப்பவர்களுக்குப் பிராவிடண்டு பண்டுதான் முதுமைக்குக் கைம்முதல். அதை எடுத்துக் கடனை அடைத்தோ, பெண்ணின் கல்யாணத்தை நடத்தியோ முடித்த பிறகு, "வரி பாக்கி, வட்டி" என்று வருமான வரி இலாகாவிலிருந்து ஆங்கிலத்தில் நோட்டீஸ் வந்தால் யாருக்கும் கைகால் உதறும். பயந்துபோய்ப் பணத்தைக் கட்டுவோர் உண்டு; பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவோரும் உண்டு. இரண்டும் தவறு. நோட்டீஸ் வந்ததாலேயே பாக்கி உண்மையென்று ஆகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தபின் எடுக்கும் பண்டுப் பணத்துக்குப் பொதுவாக வரி கிடையாது. பழைய கம்பெனியின் பண்டுக் கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றியிருந்தால், பழைய சர்வீஸும் சேர்த்தே எண்ணப்படும். உடல்நலக் குறைவாலோ, கம்பெனி மூடப்பட்டதாலோ வேலை போனவருக்கு ஐந்து ஆண்டு ஆகாவிட்டாலும் வரி இல்லை. மற்றவர்கள் ஐந்தாண்டுக்குள் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால், 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

தவறு எங்கே நேருகிறது?

பழைய சர்வீஸ் பண்டு ஆபீஸ் கணக்கில் ஏறாவிட்டால் ஏழு வருஷம் நான்கு வருஷமாகிவிடும். வரி பிடிக்கப்பட்டு, தொகை முழுவதும் வருமானமாகப் பதிவாகும். ரிட்டனில் அதைக் காணாத கணிப்பொறி விளக்கம் கேட்கும். கம்பெனி குமாஸ்தா பான் நம்பரில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டாலும் போதும்; பிடித்த வரி உங்கள் பேரில் வரவாகாது, கட்டவில்லை என்று பாக்கி எழும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் நோட்டீஸ் அசல்தானா என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் இலாகா அனுப்பும் கடிதங்களில் ஓர் அடையாள எண் இருக்க வேண்டும். அதை இலாகாவின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

பாக்கி கேட்டு வந்த நோட்டீஸுக்குச் சாதாரணமாக 30 நாள் தவணை. அதற்குள் அதே தளத்தில், தொகையை ஏற்கவில்லை என்று காரணத்தோடு பதில் கொடுங்கள். பண்டு பாஸ்புக், இரண்டு கம்பெனிகளின் சர்வீஸ் சான்றுகள், கணக்கு மாற்றியதைக் காட்டும் 'அனெக்சர் கே' தாள் ஆகியவற்றை இணையுங்கள். கணக்குப் பிழையென்றால் திருத்தக் கோரி மனுச் செய்யலாம். பான் நம்பர் தவறென்றால் வரியைப் பிடித்தவர்தான் தன் கணக்கைத் திருத்தித் தர வேண்டும்; எழுத்து மூலம் கேளுங்கள்.

பேசாமல் இருந்தால் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். வரவேண்டிய ரீபண்டிலும் கை வைப்பார்கள்.

பதில் எழுதி என்ன பயன் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஆடிட்டர் எழுதிய கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்ட டில்லி உயர்நீதிமன்றம், வரி செலுத்துவோரின் பதிலைக் கேளாமல் ரீபண்டைப் பழைய பாக்கிக்கு வரவு வைக்கக் கூடாது என்று 2013 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2024 பட்ஜெட்டில் நிதி மந்திரியே, சரிபார்க்கப்படாத சில்லறை பாக்கிகள் 1962-ஆம் ஆண்டு முதல் ஏட்டில் கிடப்பதாகக் கூறி, 2009-10 வரையிலான நிதியாண்டுகளுக்கு 25,000 ரூபாய் வரையிலும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய் வரையிலும் உள்ளவற்றைக் கைவிடுவதாக அறிவித்தார். அரசாங்கத்தின் ஏடும் பிழைபடும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

வீடு மாறும்போதும், போன் நம்பர் மாறும்போதும் இலாகாவின் பதிவிலும் மாற்றிவிடுங்கள். பழைய விலாசத்துக்குப் போன நோட்டீஸுக்கும் தவணை ஓடிக்கொண்டுதான் இருக்கும். கம்பெனியை விட்டு விலகும் நாளில் சம்பள பாக்கியோடு சர்வீஸ் சான்றையும் கேட்டு வாங்குங்கள். ஊருக்குத் திரும்பும்போது டிரங்குப் பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது அந்தக் காகிதம்தான்.