காதுக்கும் ஒரு முத்திரை

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்கோ, மயிலாப்பூர் மாடவீதிக்கோ அடுத்த முறை போகும்போது கடைத் தராசைச் சற்று உற்றுப் பாருங்கள். அதில் ஒரு முத்திரை இருக்க வேண்டும். தொழிலாளர் துறையினர் சோதித்து இடும் முத்திரை அது. இரும்பு எடைக்கற்களுக்கு 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை, மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை என்பது விதி. இத்தனை சோதனை எதற்கு? கல் தேய்ந்துவிடும், ஆனால் தான் தேய்ந்துபோனதை அது யாரிடமும் சொல்லாது!

மனிதனின் காதே தராசாக இருக்கும் தொழில் ஒன்று உண்டு. அதுதான் பேச்சு-மொழி சிகிச்சை. திக்கிப் பேசுவோர், பக்கவாதத்தால் பேச்சிழந்தோர், காது கேளாத குழந்தைகள், உணவை விழுங்கச் சிரமப்படுவோர் ஆகிய அனைவரும் இந்தச் சிகிச்சையாளரை நாடி வருகின்றனர். இந்தியாவில் இதற்கான 4 ஆண்டுப் பட்டப்படிப்பில் கடைசி ஆண்டு முழுவதும் நேரடிப் பயிற்சி. மைசூரில் 1965-இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனமும், சென்னையில் போரூர் இராமச்சந்திரா நிறுவனமும் இப்படிப்பை நடத்துகின்றன. பட்டம் பெற்றதும் படிப்பு முடிந்துவிட்டதா? இல்லை என்பதற்கு ஒரு பௌதிகக் காரணம் இருக்கிறது.

'பழம்' என்று சொல்லிப் பாருங்கள். குரல்நாண்களின் அதிர்வு, வாய்க்குள் இருக்கும் காற்றில் ஒத்ததிர்வுகளை உண்டாக்குகிறது. 'ழ' சொல்லும்போது நாக்கு நுனி பின்புறமாக வளைகிறது. அப்போது மூன்றாவது ஒத்ததிர்வின் அதிர்வெண் வெகுவாகக் குறைகிறது. நாக்கு சரியாக வளையாவிட்டால் அதிர்வெண் போதிய அளவு இறங்காது. 'பளம்' என்றோ இரண்டுக்கும் நடுவிலோ ஓர் ஒலி வரும். அது சரியா, தவறா என்று நொடியில் முடிவு செய்ய வேண்டியது சிகிச்சையாளரின் காது.

இங்கேதான் சிக்கல். மழலை பேசும் குழந்தையின் சொற்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குப் புரிவதில்லை, அம்மாவுக்குப் புரிகிறது. பழகிய காது, இல்லாத ஒலியைக் கூடத் தானே நிரப்பிக் கொள்கிறது. ஒரே குழந்தையை வாரம் தோறும் கேட்கும் சிகிச்சையாளருக்கும் இது நேரலாம். குழந்தை முன்னேறியதா, அல்லது காது பழகிவிட்டதா? தனியே இருந்து இதைக் கண்டறிவது கடினம்.

எனவே ஒரே ஒலிப்பதிவை இருவர் தனித்தனியே கேட்டு மதிப்பிடுகின்றனர். 100 சொற்களில் இருவரும் ஆளுக்கு 90 சொற்களைச் 'சரி' என்றும் 10 சொற்களைத் 'தவறு' என்றும் குறித்தனர். 88 சொற்களில் இருவர் தீர்ப்பும் ஒன்று என்று வைத்துக் கொள்வோம். பிரமாதம் என்று தோன்றுகிறது அல்லவா? சற்றுப் பொறுங்கள். இருவரும் ஒலிப்பதிவைக் கேட்காமலேயே குருட்டாம்போக்கில் அதே விகிதத்தில் குறித்திருந்தால்? இருவரும் 'சரி' என்பது 0.9 × 0.9 = 0.81. இருவரும் 'தவறு' என்பது 0.1 × 0.1 = 0.01. ஆக, தற்செயலாகவே 82 சொற்களில் ஒத்துப்போவர்! காதுகள் உண்மையில் ஈட்டியது 88 − 82 = 6 தான். ஈட்டியிருக்கக் கூடியதோ 18. மூன்றில் ஒரு பங்குதான் மதிப்பெண். 1960-இல் ஜேக்கப் கோஹன் என்ற அமெரிக்க உளவியலார் வகுத்த கணக்கு இது. தொடர்கல்வி வகுப்புகளில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலைகளில் ஒன்று இத்தகைய ஒப்பீடு. தேய்ந்த கல்லைப் புதுக்கல்லோடு ஒப்பிடுவது போன்றதே இது.

பேச்சில் நேரும் பிழையைப் பின்னர் திருத்தலாம். விழுங்குவதில் நேரும் பிழை உயிருக்கே ஆபத்து. உணவு மூச்சுக்குழலில் நுழைந்தால் நமக்குப் புரை ஏறுகிறது; இருமி வெளியேற்றுகிறோம். பக்கவாதம் வந்த சிலருக்கு அந்த உணர்ச்சி மங்கிவிடுவதால் இருமலே வருவதில்லை. உணவு ஓசையின்றி நுரையீரலை அடைந்து நிமோனியாவை உண்டாக்கலாம். படுக்கையருகே நின்று, "இருமவில்லை, நன்றாக விழுங்குகிறார்" என்று முடிவு செய்பவர் எவ்வளவு தைரியமாகச் சொன்னாலும் தவறாக இருக்கலாம். மாறாக, அளவுக்கு மீறி அஞ்சும் புதியவர், வாயால் உண்ணக்கூடிய நோயாளியைத் தேவையின்றி மூக்குக் குழாயிலேயே வைத்திருக்கக் கூடும். துணிவு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் துன்பம்.

இதற்கு உதவுவது எக்ஸ்-கதிர். பேரியத்தின் அணு எண் 56. அது எக்ஸ்-கதிரை நன்றாக உட்கவர்வதால், பேரியம் கலந்த உணவு தொண்டையில் இறங்குவதைப் படமாகவே பார்க்கலாம். முதலில் தன் ஊகத்தைத் தாளில் எழுதி, பிறகு படத்தைப் பார்ப்பவரின் துணிவு உண்மையோடு சேர்ந்து வளர்கிறது. விடைத்தாள் திரும்பி வராத தேர்வை எத்தனை முறை எழுதினாலும் கற்க முடியாது அல்லவா?

கருவிகளும் மாறிக் கொண்டே இருக்கின்றன. காது கேளாத இளங்குழந்தைகளுக்காக அடையாறு பகுதியில் பால வித்யாலயா பள்ளி 1969-இல் தொடங்கப்பட்டபோது, காதில் மாட்டும் ஒலிபெருக்கிக் கருவியே துணை. இன்று உட்செவிக்குள் மின்முனைகளைப் பொருத்துகின்றனர். சில கருவிகளில் 22 மின்முனைகள். ஆனால் கருவி ஒலியை மட்டுமே தரும். அதைச் சொல்லாக்கக் குழந்தைக்குக் கற்றுத் தர வேண்டும். 1969-இல் பயின்றவர் இதை எந்த வகுப்பில் படித்திருப்பார்?

1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் இச்சிகிச்சையாளர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்பதிவை 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க, தொடர்கல்விப் புள்ளிகள் ஈட்ட வேண்டும். ஆனால் வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்குவது மட்டும் முத்திரை ஆகாது. தராசைச் சோதிக்காமல் முத்திரை குத்தினால் என்ன பயன்?

நீங்களும் ஒரு சோதனை செய்யுங்கள். ல, ள, ழ வரும் 50 சொற்களைத் தம்பியையோ தங்கையையோ படிக்கச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நீங்களும் நண்பரும் தனித்தனியே கேட்டு, 'சரி', 'தவறு' என்று குறியுங்கள். மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். மறுவாரம் அதே பதிவை மீண்டும் கேட்டு, உங்கள் பழைய தாளோடு ஒப்பிடுங்கள். உங்களோடு நீங்களே எத்தனை சொற்களில் முரண்படுகிறீர்கள் என்று பார்த்தால் வியப்படைவீர்கள்!