கூட்டமில்லாத கிரேக்கத் தீவுக்குப் போகணுமா? திரும்பி வரும் கப்பலை முதல்ல பாருங்க!

நீலக் கூரை, வெள்ளைச் சுவர், கடலில் இறங்கும் சூரியன். கிரீஸ் என்றதும் இன்ஸ்டாகிராம் காட்டும் படங்களில் பெரும்பாலானவை சாண்டோரினி என்ற ஒரே தீவில் எடுத்தவை. ஆனால் கிரீஸில் மக்கள் வசிக்கும் தீவுகளே 200-க்கு மேல் இருக்கின்றன. "கூட்டம் இல்லாத இடமா பார்த்து நாலு நாள் சும்மா இருந்துட்டு வரணும்" என்று நினைப்பவர்களுக்கு அங்கே இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சின்னத் தீவுகள் பலவற்றில் விமான நிலையம் கிடையாது. கப்பல்தான் ஒரே வழி. காற்று பலமாக அடித்தால் கப்பலும் வராது. அன்றைக்கு ஏதென்ஸில் இருந்து ஊர் திரும்ப உங்களுக்கு விமானம் இருந்தால் என்ன ஆகும்? டிக்கெட் பணம் போகும், லீவு கூடும், விசா நாளும் தாண்டிவிடலாம். அதனால் இந்தப் பயணத்தைப் பின்னாலிருந்து ப்ளான் பண்ண வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

சாண்டோரினியில் என்ன பிரச்சினை?

அழகில் குறையே இல்லை, நெரிசல்தான் பிரச்சினை. சுமார் 15,000 பேர் வசிக்கும் அந்தத் தீவுக்கு 2023-ல் வந்தவர்கள் ஏறக்குறைய 34 லட்சம் பேர். சொகுசுக் கப்பல்களில் வந்து இறங்குபவர்களை ஒரு நாளைக்கு 8,000 பேர் என்று 2025 முதல் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூலை முதல், சீசனில் அப்படி இறங்கும் ஒவ்வொருவருக்கும் 20 யூரோ கட்டணமும் வந்துவிட்டது. இத்தனைக்கும் பிறகும் அஸ்தமனம் பார்க்க முட்டி மோத வேண்டியிருக்கும்.

சரி, அப்போ எங்கே போகலாம்?

ஒரு உதாரணத்துக்கு அமோர்கோஸை எடுத்துக்கொள்வோம். சாண்டோரினி இருக்கும் அதே சிக்லடீஸ் தீவுக் கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மெலிந்து நீண்டு கிடக்கும் மலைத் தீவு. மக்கள் தொகை சுமார் 2,000. விமான நிலையம் இல்லை. அதுதான் இன்னும் அமைதியாக இருப்பதற்கு முக்கியக் காரணம்.

பார்க்க என்ன இருக்கிறது? செங்குத்தான பாறையில் ஒட்டவைத்தது போல நிற்கும் ஹோசோவியோட்டிசா மடாலயம். 1088-ல் பைசாந்தியப் பேரரசர் முதலாம் அலெக்சியோஸ் காலத்தில் நிறுவப்பட்டது என்பது வரலாறு. சில நூறு படி ஏறினால், கீழே கருநீலக் கடல். முழங்கால் மூடும் உடை கட்டாயம். லுக் பெசோன் இயக்கிய 'தி பிக் ப்ளூ' படத்தின் சில காட்சிகளை எடுத்ததும் இந்தத் தீவில்தான். மற்றபடி பழைய கழுதைப் பாதைகளில் நடக்கலாம், குளிக்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம். அவ்வளவுதான். "தினமும் அஞ்சு ஸ்பாட் கவர் பண்ணணும்" என்பவர்களுக்கு இந்தத் தீவு இரண்டாம் நாளே போரடித்துவிடும்.

எப்படிப் போவது?

சென்னையில் இருந்து ஏதென்ஸுக்கு துபாய், அபுதாபி, தோஹா போன்ற ஊர்களில் மாறிப் போகலாம். ஏதென்ஸ் விமான நிலையத்தில் இருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு மெட்ரோ நேராகப் போகிறது, சுமார் ஒரு மணி நேரம். 'எக்ஸ் 96' பேருந்து இரவு பகல் எந்நேரமும் உண்டு.

பிரேயஸில் இருந்து அமோர்கோஸுக்குப் பெரிய ஃபெர்ரியில் பொதுவாக 7 முதல் 9 மணி நேரம். வழியில் எத்தனை தீவில் நிற்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும். டிக்கெட் எடுக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, அமோர்கோஸுக்கு இரண்டு துறைமுகங்கள்: கட்டாபோலா, எகியாலி. இரண்டும் தீவின் வெவ்வேறு பகுதிகளில் இருக்கின்றன, நடுவே மலைச்சாலை. எகியாலியில் அறை எடுத்துவிட்டு கட்டாபோலாவில் இறங்கினால் டாக்சிக்குத் தனியாக அழ வேண்டும்.

இரண்டாவது, சில கப்பல்கள் நள்ளிரவு தாண்டித்தான் போய்ச் சேரும். அறை கொடுப்பவரிடம் இறங்கும் நேரத்தை முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, பெயர்கள். கப்பல் அட்டவணையில் சாண்டோரினி பெரும்பாலும் 'தீரா' என்றுதான் இருக்கும். 'ஹோரா' என்றால் அந்தந்தத் தீவின் முக்கிய ஊர். கிட்டத்தட்ட எல்லாத் தீவிலும் ஒரு ஹோரா உண்டு.

காற்று அடித்தால் கப்பல் ஏன் நிற்கிறது?

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஈஜியன் கடலில் வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு 'மெல்டெமி' என்று பெயர். பால்கன் பகுதியில் காற்றழுத்தம் கூடுதலாகவும், துருக்கிப் பக்கம் குறைவாகவும் இருப்பதால் இது உருவாகிறது. துருக்கி மேல் இருக்கும் அந்தத் தாழ்வழுத்தம், நம்ம ஊர் தென்மேற்குப் பருவமழையை இழுக்கும் தெற்காசியத் தாழ்வழுத்தத்தின் மேற்கு நீட்சி. அதாவது கேரளாவில் குடை பிடிக்கும் அதே பருவத்தில்தான் அங்கே கப்பல்கள் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கின்றன.

இதில் ஏமாறுவது எளிது. மெல்டெமி வீசும்போது மேகம் இருக்காது, மழை இருக்காது. வானம் பளிச்சென்று இருக்கும், வெயில் அடிக்கும், ஆனால் கடல் கொந்தளிக்கும். காற்று போஃபோர்ட் அளவில் 8-ஐ ஒட்டிப் போனால், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டினால், துறைமுக அதிகாரிகள் கப்பல் கிளம்பவே தடை போட்டுவிடுவார்கள். சிறிய வேகப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். சீக்கிரம் போகலாம் என்று அவற்றை எடுப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

ரத்தானால் பணம் கிடைக்குமா?

கப்பல் டிக்கெட் பணம் கிடைக்கும். ஐரோப்பிய யூனியன் விதிப்படி, கப்பல் ரத்தானால் பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது வேறு கப்பலில் போகலாம். ஆனால் காரணம் வானிலை என்றால் தங்கும் செலவையோ இழப்பீட்டையோ நிறுவனம் தர வேண்டியதில்லை.

விமான டிக்கெட் கதை வேறு. கப்பல் நின்றதால் நீங்கள் விமானத்தைத் தவறவிட்டால், விமான நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். இரண்டும் தனித்தனி டிக்கெட். டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கும்போது, பொதுப் போக்குவரத்து ரத்தாகி விமானத்தைத் தவறவிட்டால் பணம் உண்டா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள்.

அப்போ எப்படித்தான் ப்ளான் பண்றது?

ஐந்து நாள் லீவு, முன்னும் பின்னும் வாரஇறுதி என்று வைத்துக்கொள்வோம்.

பலரும் போடும் ப்ளான் இது: போனதும் நேராகத் தீவு, கடைசி சனிக்கிழமை வரை அங்கேயே, அன்றைய கப்பலில் பிரேயஸ், ஞாயிறு விமானம். அந்தச் சனிக்கிழமைக் கப்பல் ஒன்று நின்றால் எல்லாமே போச்சு.

இதையே கொஞ்சம் மாற்றிப் போடலாம்:

- வெள்ளி இரவு: ஊரில் இருந்து விமானம்.
- சனி: ஏதென்ஸில் இரவு. விமானம் தாமதமானாலும் கவலை இல்லை.
- ஞாயிறு முதல் புதன் வரை: அமோர்கோஸில் நான்கு இரவு.
- வியாழன்: பக்கத்தில் இருக்கும் நக்சோஸ் தீவுக்குக் கப்பல். அங்கே இரண்டு இரவு.
- சனி: நக்சோஸில் இருந்து ஏதென்ஸ். கடைசி இரவு அங்கே.
- ஞாயிறு: விமானம்.

வியாழக்கிழமை கப்பல் நின்றால் வெள்ளிக்கிழமை போகலாம். நக்சோஸில் ஒரு இரவு குறையும், அவ்வளவுதான். வெள்ளியும் நின்றால், சனிக்கிழமை அமோர்கோஸில் இருந்தே நேராக பிரேயஸ் போகும் கப்பலைப் பிடிக்கலாம். ஒரு வாய்ப்புக்குப் பதில் மூன்று வாய்ப்பு. இந்தக் கிழமைகளில் கப்பல் இருக்கிறதா என்று உங்கள் பயணத் தேதிக்கு அட்டவணையைப் பார்த்து, ஒரு நாள் முன்பின் நகர்த்திக்கொள்ளுங்கள்.

நக்சோஸ் ஏன்? சிக்லடீஸிலேயே பெரிய தீவு அது. பிரேயஸுக்குக் கப்பல்கள் அதிகம், ஏதென்ஸுக்குச் சிறிய விமானமும் உண்டு. காத்திருக்கும் இடம் என்றும் ஒதுக்க முடியாது. துறைமுகத்திலேயே கட்டி முடிக்கப்படாத பழங்காலக் கோயிலின் பளிங்கு வாசல் நிற்கிறது. உருளைக்கிழங்குக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர்போன ஊர்.

விசாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. கிரீஸுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை இழுக்கும். கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே சிரமம் என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

விசா ஸ்டிக்கரில் எத்தனை நாள் தங்கலாம் என்ற எண் இருக்கும். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேர்த்தி. செலவைக் குறைக்க ஒரு நாளைக் கழித்து விண்ணப்பித்தால், கப்பல் நின்ற அன்றைக்கு அந்த நாள் கையில் இருக்காது. ஏதென்ஸின் கடைசி இரவையும் பயணத் திட்டத்தில் காட்டியே விண்ணப்பியுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் நுழைவையும் வெளியேற்றத்தையும் டிஜிட்டலாகப் பதிவு செய்யும் முறை அமலாகத் தொடங்கியது. ஒரு நாள் தாண்டினாலும் கணினி காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியும் மாட்டிக்கொண்டால் ஒளிந்து மறைந்து திரும்ப வேண்டாம். கைமீறிய காரணம் என்றால் கட்டணமின்றி விசாவை நீட்டிக்க ஷெங்கன் விதியில் இடம் உண்டு. நாள் முடிவதற்குள் அங்குள்ள அதிகாரிகளை அணுக வேண்டும். கப்பல் ரத்தானதற்கான குறுஞ்செய்தி, மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள்.

எந்த மாதம் நல்லது?

ஜூன் மாதமும் செப்டம்பரும். காற்று ஜூலை, ஆகஸ்ட் அளவுக்கு இருக்காது, கூட்டமும் குறைவு. கோடை முழுக்கச் சூடேறிய கடல் செப்டம்பரில் குளிக்க இதமாக இருக்கும். ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாள். அந்த வாரம் கிரேக்கர்களே குடும்பத்தோடு தீவுகளுக்குக் கிளம்புவார்கள், கப்பலில் இடம் கிடைக்காது. அக்டோபருக்குப் பிறகு கப்பல்களும் குறையும், பல உணவகங்களும் மூடிவிடும்.

அங்கே போன பிறகு?

வண்டி: வாடகைக்கு எடுக்க நம் ஆர்டிஓ தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி தேவை. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் எடுத்து விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். தீவில் இருப்பது சிறிய மருத்துவ மையம்தான் என்பதும் நினைவிருக்கட்டும். பேருந்து உண்டு, நேரத்தை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறை: வாடகைக்கு மேல் அரசின் காலநிலை வரி ஒன்று உண்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு இரண்டு நட்சத்திர ஹோட்டல் வரை 2 யூரோ, மூன்று நட்சத்திரத்தில் 5, நான்கில் 10, ஐந்தில் 15. ஆன்லைனில் காட்டும் தொகையில் இது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சாப்பாடு: சைவம் சாப்பிடுபவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். 'ஃபாவா' என்பது மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் சேர்த்தது. நம்ம பருப்புக் கடையலுக்கு தூரத்து உறவு. பெரிய பீன்ஸில் செய்யும் 'கிகாந்தெஸ்', அரிசி அடைத்த தக்காளி 'கெமிஸ்தா' (சிலர் கறியும் சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள்) எல்லாம் பல கடைகளில் கிடைக்கும். 'நிஸ்டீசிமோ' என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். அது கிரேக்கக் கிறிஸ்தவர்களின் விரத உணவு. கறி, பால், முட்டை இருக்காது. ஆனால் இறால், கணவாய் விரதத்தில் சேர்த்தி, அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தண்ணீர், பணம்: வறண்ட தீவுகள் இவை. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள், குளிக்கும்போதும் சிக்கனமாக இருங்கள். கார்டு எங்கும் எடுப்பார்கள் என்று நம்பாமல் கொஞ்சம் யூரோ நோட்டு வைத்திருங்கள்.

புக் பண்ணும் வரிசை

முதலில் திரும்பும் விமானத்தின் தேதி. அதற்கு முந்தைய இரவு ஏதென்ஸ். அதற்கு முன் நக்சோஸ். மிச்சமிருக்கும் நாள்தான் அமோர்கோஸுக்கு. அறைகளை ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் எடுங்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்து காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். பலமாக வரும் போலத் தெரிந்தால் ஒரு நாள் முன்பே கப்பல் ஏறிவிடுங்கள்.

நான்கு இரவுக்குப் பதில் ஐந்து இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். லீவை ஒரு நாள் கூட்டிக்கொண்டு அமோர்கோஸில் தாராளமாக இருங்கள், ஆனால் கடைசி ஏதென்ஸ் இரவில் மட்டும் கை வைக்காதீர்கள்.